பெரியம்மா உட்கார்ந்த படி: மாலுக்கும் கடைவீதிக்கும் நடுவே தருமபுரி, கிருஷ்ணகிரி

போன ஆவணியில் என் பெரியம்மா, மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அரூர்ப் பக்கத்திலிருந்து தருமபுரிக்கு வந்தார். கூட ஏழு பேர். காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறியவர்கள் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில்தான் திரும்பினார்கள். முகூர்த்தப் பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, சம்பந்தி வீட்டுக்கு வைத்துக் கொடுக்கும் சேலைகள், பாத்திரம், தாம்பூலப் பை என்று துணிக்கடைத் தெருவுக்கும் நகைக்கடைத் தெருவுக்கும் நடுவே நாலு தடவை நடந்தார்கள். அன்று பகல் முழுக்கப் பெரியம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் சோடா வாங்கி நீட்டினேன். "வேணாங் கண்ணு, குடிச்சுப்புட்டு எங்க போறது?" என்றார். முட்டிவலி வேறு. மூன்று மணிக்கு மேல் நிற்க முடியாமல், மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரப் படியில் கட்டைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளாக எங்கள் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தாலும், கடைக்காரர்கள் நாலு பேர் கூடினாலும் ஒரு கேள்வி வருகிறது. பெங்களூரில் இருப்பது போன்ற பெரிய மால் ஓசூரிலோ தருமபுரி பைபாஸிலோ வந்துவிட்டால் கடைவீதி என்ன ஆகும்? கடைவீதி கதை முடிந்தது என்கிறார்கள் சிலர். இந்த ஊரில் மாலுக்கு யார் போகப் போகிறார்கள் என்று கை வீசுகிறார்கள் வேறு சிலர். மால் எதை வைத்துப் பிழைக்கிறது, கடைவீதி எதை வைத்துப் பிழைக்கிறது என்று இரண்டின் கணக்கையும் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்த வரையில், பெரியம்மா உட்கார்ந்த அந்தப் படியில்தான் இதற்கான பதிலில் பாதி இருக்கிறது.

மால் என்பதை ஒரு கட்டடமாகப் பார்ப்பதைவிட ஒரு வாடகை ஒப்பந்தமாகப் பார்த்தால் சீக்கிரம் புரியும். ஒரே முதலாளி, நூறு குத்தகைக்காரர்கள். முதலில் அவர் பிடிப்பது, அந்தத் தொழிலில் 'ஆங்கர்' என்று சொல்லும் பெரிய கடைகளை: ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு பெரிய துணிக்கடை, அஞ்சாறு திரை உள்ள தியேட்டர். இவர்களுக்குச் சதுர அடிக்கு வாடகை குறைவு. ஆளை இழுத்து வருவதே இவர்களிடம் எதிர்பார்க்கும் பெரிய வேலை. படம் பார்க்க வந்தவரும் பருப்பு வாங்க வந்தவரும் நடந்து போகிற வழியில் செருப்புக்கடை, கடிகாரக்கடை, காபிக்கடை வைத்திருப்பவர்தான் சதுர அடிக்கு அதிகம் கொடுக்கிறார். அந்த வாடகையும் பெரும்பாலும் ஒரு நிலையான தொகையாக இருப்பதில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அதற்கு மேல் பொதுப் பராமரிப்புக் கட்டணம் தனி: ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி, துடைப்பவர், கழிப்பறை. இந்தப் பராமரிப்புக் கட்டணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பேச்சுக்கு ஒரு கடைக்காரர் 500 சதுர அடிக்கு வாடகை கட்டுகிறார் என்று வைப்போம். நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் அவர் பங்கைச் சேர்த்துத்தான் அந்த 500 வருகிறது. அவர் அலமாரி போடக் கையில் கிடைப்பது 300 சதுர அடியாக இருக்கலாம். நம் ஊர்க் கடைவீதியில் 10-க்கு 15 கடையை வாடகைக்கு எடுத்தவர் வாசலுக்கு வெளியே நாலடி பந்தல் இழுத்து, அதில் பக்கெட்டும் துடைப்பமும் தொங்கவிட்டுப் பழகியவர். ஒருவர் வாடகை கட்டுகிற இடத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாது. இன்னொருவர் வாடகை கட்டாத இடத்தையும் பயன்படுத்துகிறார். ஒரே பனியனை இருவரும் விற்றால் விலையில் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் மாலில் பனியன் விற்பது குறைவு, பிராண்ட் விற்பது அதிகம்.

மாலின் கதை தொடங்கிய விதமும் நமக்குப் பயன்படும். கூரையிட்டு, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் மால் என்று சொல்லப்படுவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எடினா என்ற ஊரில் 1956-இல் திறந்த சவுத்டேல். வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் அமெரிக்காவுக்குத் தப்பிப் போன விக்டர் குருயன். கார் ஓட்டுகிறவர்களாகச் சிதறிக் கிடந்த புறநகர் மக்களுக்குத் தன் பிறந்த ஊரின் கடைவீதியைப் போல நடக்க, உட்கார, பேச ஒரு நடுவிடம் கட்டித் தர நினைத்தார். சுற்றிலும் வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் வர வேண்டும் என்று திட்டம் போட்டார். வந்தது கார் நிறுத்துமிடம் மட்டும். வயதான காலத்தில் வியன்னாவுக்கே திரும்பி, தன் பெயரைச் சொல்லிக் கட்டப்பட்ட மால்களைத் தன் பிள்ளைகளாக ஏற்க மறுத்தார். அந்த நகரத்தின் நடுப்பகுதியை நடப்பவர்களுக்கு மீட்டுக் கொடுக்கும் யோசனைகளில்தான் கடைசிக் காலத்தில் ஈடுபட்டார். கடைவீதியைப் பார்த்து ஏங்கிய ஒருவர் கண்டுபிடித்ததே மால் என்பதை நம் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தன் கட்டடத்துக்குள் கொண்டுபோக விரும்பியது உட்கார்வதும் நடப்பதும். நம் கடைவீதிகளில் இன்றைக்கு இல்லாததும் அதுவே.

இந்தியாவில் இப்போதைய வகை மால்கள் 1999-இல் டெல்லி அன்சல் பிளாசா, மும்பை கிராஸ்ரோட்ஸ் ஆகியவற்றோடு வந்தன. சென்னையில் அதற்கு முன்பே, எரிந்துபோன பழைய கட்டடத்தின் இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்துவிட்டது. தொண்ணூறுகளில் சென்னைக்குப் போய் ஸ்பென்சரைப் பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பார்கள். அங்கே கடைகளைத் துண்டு துண்டாகப் பலருக்கு விற்றுவிட்டார்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, யார் சுத்தம் செய்வது, எப்போது புதுப்பிப்பது என்று முடிவெடுக்க ஒரு கை இல்லை. 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013-இல் வேளச்சேரி பீனிக்ஸும் திறந்தபோது கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. கடைகளை விற்காமல் முழுக்க வாடகைக்கு விடும் மால்களே நிற்கின்றன என்பது இந்தத் தொழில் இந்தியாவில் பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

எல்லா மாலும் நிற்பதும் இல்லை. நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம் 8 பெருநகரங்களில் எடுத்த கணக்கில், 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் மால்கள் 2022-இல் 57, 2023-இல் 64. 'பேய் மால்' என்று அவற்றுக்கு ஒரு பெயரும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சின்ன மால்கள். இதை எங்கள் பக்கம் யாரும் கவனிப்பதில்லை. இங்கே மால் வருகிறது என்று பேசும்போது, பெங்களூரில் பார்த்த பத்து லட்சம் சதுர அடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர் நிலத்துக்கும் முதலீட்டுக்கும் வரக்கூடியதோ, அந்தக் கணக்கில் முதலில் காலியாகிற அளவு.

இனி எங்கள் ஊரின் கணக்கு.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தருமபுரி மாவட்டத்தில் சுமார் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுமார் 18.8 லட்சம் பேர். நகரத்தில் வாழ்பவர்கள் தருமபுரியில் நூற்றுக்கு 17 பேர், கிருஷ்ணகிரியில் நூற்றுக்கு 23 பேர். தமிழ்நாட்டில் அப்போது நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகள் இரண்டுமே 70 ஆயிரம் பேர் சுமாருக்கான ஊர்கள்தான். ஆனால் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் இந்த ஊர்களின் கடைவீதியில் நடந்து பாருங்கள். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த ஊர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். பென்னாகரம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி என்று மாவட்டமே இறங்கியிருக்கும். இந்தக் கடைவீதிகளைக் காப்பாற்றுவது ஊர்க்காரர்களைவிட பஸ்ஸில் வருகிறவர்கள்.

அந்த பஸ்ஸுக்கு 2021 மே மாதத்துக்குப் பிறகு ஒரு புதுக் கணக்கும் சேர்ந்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனதும், வாரத்துக்கு ஒரு தடவை டவுனுக்கு வந்தவர்கள் இரண்டு தடவை வரத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரிந்த மளிகைக்கடை அண்ணன் சொல்வார். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. அதற்கான விண்ணப்ப முகாம்களை முதல்வர் தொடங்கி வைத்ததே எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான். இந்த ஆயிரம் ரூபாய் மாலுக்குப் போகிற பணமில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மளிகைக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் ரெடிமேடு சுடிதாருக்கும் போகிற பணம். டவுன் பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே அது செலவாகும்.

பணம் வரும் தாளமும் வேறு. தருமபுரி விவசாயிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாங்காய் சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும். தக்காளி விலை ஏறினால் கையில் கட்டாகப் பணம், இறங்கினால் பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்ட வேண்டியதுதான். கரும்புக்காரருக்கு ஆலைப் பணம் வருகிறபோது வரும். பட்டுக்கூடு விற்றவர் தருமபுரி ஏல அங்காடியிலிருந்து நேராகக் கடைவீதிக்கு நடப்பார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் பொங்கலுக்கும் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊர் திரும்பும்போது செலவழிக்கும். மூன்று மாதம் ஒன்றுமில்லாமல் நான்காம் மாதம் மொத்தமாக வரும் இந்தப் பணத்தை நம்பி, விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதாமாதம் குறைந்தபட்ச வாடகை கேட்கும் ஒரு மால் நடத்த முடியாது. கடைவீதிக்காரரோ இந்தத் தாளத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டவர். பற்று நோட்டில் எழுதுவார், அறுப்பு முடிந்ததும் வாங்கிக்கொள்வார். நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு என்று சிறுகச் சிறுகப் பணத்தைத் தன் பக்கமே சேர்த்துவைப்பார். எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரிந்து கடன் கொடுக்கும் அந்த அறிவை எந்த மென்பொருளாலும் இன்னும் முழுசாக எழுதிவிட முடியவில்லை.

ஓசூரைப் பிரித்துப் பேச வேண்டும். அது வேறு ஊர். சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் வந்து, 2019-இல் மாநகராட்சியுமாகிவிட்ட இடம். அங்கே மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாடிக்கையாளரிடம் ஒரே பேச்சில் கலந்து வரும். அண்மையில் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளால் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, தங்கள் சொந்தச் சம்பளத்தைத் தாங்களே செலவழிக்கிறார்கள். மாலுக்கு வேண்டிய மாதாந்திரத் தாளம் இந்த இரண்டு மாவட்டங்களில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு ஓசூரில் இருக்கிறது.

ஆனால் பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. கோரமங்கலாவில் ஃபோரம் மால் 2004-இல் திறந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010-இல் வந்த பிறகு ஓசூரிலிருந்து அங்கே போவது முன்னைவிட எளிதானது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவின் மஞ்சள் தடமும் ஓடத் தொடங்கிவிட்டது. ஓசூர்வரை அதை நீட்டும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. வசதியான குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போகும்போது சட்டை வாங்குவது ஒரு சாக்கு. ஒரு பெரிய நகரத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டு வருவதுதான் ஆசை. ஓசூரிலேயே செய்யப்படும் தங்க நகையையும் கடிகாரத்தையும் கூட பெங்களூரில் வாங்கி வருகிற வீடுகள் எனக்குத் தெரியும். அதனால், விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெயர்களை அடுக்கி ஓசூரில் ஒரு ஆடம்பர மால் கட்டுவது பெங்களூரோடு போட்டி போடுவதாகும், அதில் ஓசூர் தோற்கும் என்பது என் கணிப்பு. நல்ல தியேட்டர், சூப்பர் மார்க்கெட், பிள்ளைகள் விளையாட இடம், நடுத்தர விலைத் துணி என்று கட்டினால் நிற்கும். அந்த மால் தளி ரோடு, பாகலூர் ரோடு கடைகளில் சிலவற்றின் வியாபாரத்தை எடுக்கும். பழைய ஊருக்குள் இருக்கும் மளிகை மொத்தக் கடைகளையும் பூ வியாபாரத்தையும் தொடக்கூட முடியாது.

மால் அல்லது கடைவீதி என்று இரண்டே பெட்டியில் போட்டுப் பேசுவதும் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மாடு, ஆடு, கோழி, விதை, கத்தி, பாய், மிளகாய், துணி எல்லாம் ஒரே திடலில் விடியற்காலை தொடங்கும். வாடகை, சுங்கம் என்று ஏலம் எடுத்தவருக்குக் கொடுப்பதோடு சரி. சாயங்காலம் வெறும் திடல். கடை என்ற கட்டடமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்த வணிகத்துக்கு அரை மணி நேரத் தூரத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஓடுகிறது. சந்தை குறையவில்லை.

பர்கூர் இன்னும் வினோதம். சென்னை நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊரைக் 'குட்டி சூரத்' என்பார்கள். ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஒரே இடத்தில் மொத்த விலைக்கும் சில்லறைக்கும் சேலை கொட்டிக் கிடக்கிறது. ஆந்திரா, கர்நாடக எல்லை ஊர்களிலிருந்தும் சின்ன வியாபாரிகள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். மாலின் பளபளப்பு இல்லை, நகரத்தின் கூட்டமும் இல்லை. ஒரே பொருளை விற்கும் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால் ஊரே ஒரு கடையாகிவிட்டது. வாங்க வந்தவருக்கு ஒரு கடையில் பிடிக்காவிட்டால் அடுத்த கடை. அந்த நம்பிக்கையில்தான் அவர் பஸ் ஏறுகிறார். தருமபுரி நகைக்கடைத் தெருவும் இதே முறையில் நிற்கிறது. ஒரு கூரையின் கீழ் எல்லாப் பொருளும் என்று மால் சொல்கிறது. ஒரு தெருவில் ஒரே பொருள் எல்லா விலையிலும் என்று பர்கூர் சொல்கிறது. நான் பர்கூர் பக்கம்.

அப்படியானால் கடைவீதிக்குப் பயமே இல்லையா? இருக்கிறது, வேறு பக்கத்திலிருந்து. தருமபுரியில் நேதாஜி பைபாஸ் ரோடு என்று ஒன்று உண்டு. பெயரைப் பாருங்கள்: ஊரைச் சுற்றிப் போகப் போட்ட சாலை. இன்று அது ஊருக்குள் இருக்கிறது. இருபுறமும் ஷோரூம், உணவகம், மருத்துவமனை. அதற்கும் வெளியே தேசிய நெடுஞ்சாலையின் பைபாஸ் போய்விட்டது, இப்போது அதன் ஓரமும் நிரம்பத் தொடங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரி இன்னும் சாலையையே நம்பிய ஊர். மாவட்டத் தலைநகராக 2004-இல் ஆகியும் அங்கே ரயில் நிலையம் இல்லை. திருப்பத்தூரிலிருந்து வந்த பழைய குறுகிய ரயில்பாதை பின்னாளில் பிடுங்கப்பட்டது, திரும்ப வரவில்லை. சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலை என்று சாலைகள் சந்திக்கிற இடமாக இருப்பதால், ஒவ்வொரு தடவை சாலை நகரும்போதும் வியாபாரமும் ஒரு எட்டு நகர்கிறது. பழையபேட்டையும் காந்தி ரோடும் ஒரு காலத்து நடு. புதிய பஸ் ஸ்டாண்டு வந்தபோது வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்களின் கால் வேறு பக்கம் திரும்பியது.

அந்தச் சாலைகளின் ஓரத்தில் வருகிற நாலு மாடித் துணிக்கடை, நகைக்கடை, வீட்டு உபயோகக் கடைதான் எங்கள் பக்கத்தின் உண்மையான மால். ஒரே கட்டடம், ஒரே முதலாளி, கீழே கார் நிறுத்த இடம், உள்ளே லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறை, காத்திருப்பவர்களுக்கு நாற்காலி. சேலை விலை கடைவீதியைவிடக் குறைவா என்றால், நான் விசாரித்தவரை இல்லை. ஒரே தரத்துக்கு நூறு இருநூறு கூடவே இருக்கிறது. ஆனாலும் அங்கே போகிறார்கள். ஏனென்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஆண்களைக் கேட்டால் பார்க்கிங் என்பார்கள். பெண்கள் பாத்ரூம் என்பார்கள்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு கல்யாண ஜவுளி என்றால் எட்டு மணி நேரம். வருவது பாட்டி, கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் எல்லாரும் சேர்ந்த கூட்டம். கட்டணக் கழிப்பறை எங்கோ பஸ் ஸ்டாண்டில் இருக்கும். கடைவீதி நடுவிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு அங்கே போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆகும். கடையிலேயே கேட்கலாமே என்றால், பத்தடிக் கடையில் கடைக்காரருக்கே இல்லை. அங்கே வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று யோசித்தால் இன்னும் வயிற்றைப் பிசையும். அவர்களும் என் பெரியம்மாவைப் போலத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள்தான், வருஷம் முழுக்க.

அவர்களுக்கு உட்காரும் உரிமையே 2021-இல்தான் சட்டமாக வந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த ஆண்டு ஒரு திருத்தம் செய்து, ஒவ்வொரு கடையும் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சேர்த்தார்கள். கேரளம் 2018-இல் இதைச் செய்திருந்தது. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றவர் இரவு ஒன்பதுக்குத்தான் உட்கார்வார் என்பது ஊரறிந்த சங்கதி, சட்டம் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பெரியம்மா அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்க்கடைப் பெண் ஒருத்தி ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து கொடுத்தாள். அது அவளுக்குப் போட்டிருந்த ஸ்டூல். பெரியம்மா உட்கார்ந்த ஒரு மணி நேரமும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மாலில் இருப்பது கடைவீதியில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது அந்தப் பராமரிப்புக் கட்டணத்துக்குத் திரும்ப வேண்டும். மாலில் நூறு கடைக்காரர்களும் மாதாமாதம் கழிப்பறைக்கும் பெஞ்சுக்கும் விளக்குக்கும் பணம் கட்டுகிறார்கள், அதைச் செய்ய ஒரு ஆள் இருக்கிறார். கடைவீதியில் முந்நூறு கட்டடங்களுக்கு முந்நூறு சொந்தக்காரர்கள். பாதிப் பேர் அந்த ஊரிலேயே இல்லை. வாடகை கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ போகிறது. கடைக்காரர் சொத்து வரிக்கு வாடகையில் பங்கு கொடுக்கிறார், தொழில் வரி கட்டுகிறார், உரிமக் கட்டணம் கட்டுகிறார். ஆனால் தெருவுக்கென்று தனியாக ஒரு ரூபாய் ஒதுக்கிச் செலவழிக்கும் கணக்கு எதிலும் இல்லை. பொது இடம் எல்லாருக்கும் சொந்தம் என்பதால் யார் பொறுப்பும் இல்லாமல் போகிறது. அதற்கு மேல் தெருவை நாமே குறுக்கிக்கொள்கிறோம். சாக்கடை மேல் பலகை, பலகை மேல் சரக்கு, அதற்கு முன்னால் பைக். மிச்சம் இருக்கிற ஆறடியில் இருவழிப் போக்குவரத்து. பழைய கடைகளுக்கு ஒரு திண்ணை இருந்தது. வாங்க வந்தவர் உட்காருவார், தண்ணீர் கேட்பார், பேரம் பேசுவார். அந்தத் திண்ணைகள் எல்லாம் ஷோகேஸ் ஆகிவிட்டன.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டினால் தெரு அகலமாகும் என்று சில வியாபாரிகள் கேட்பதை நான் ஏற்கவில்லை. பூவும் கொய்யாவும் விற்கிற பெண் நிற்பதால்தான் அந்தத் தெருவில் ஆள் நடக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது, அதில் 40 சதவீதம் உறுப்பினர்கள் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு ஒழுங்காகக் கூடினால் எந்த வண்டி எங்கே, எத்தனை மணிக்கு என்று பேசித் தீர்த்துவிடலாம். போலீஸ் லத்தியால் தீர்ப்பதைவிட அது நிலைக்கும்.

சென்னை பாண்டி பஜார் ஒரு முன்னுதாரணம். 2019 நவம்பரில் அங்கே சாலையைச் சுருக்கி நடைபாதையை அகலமாக்கி, மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். கார் நுழையாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். இன்று சாயங்காலத்தில் குடும்பம் குடும்பமாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அது ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் செய்தது, எங்கள் நகராட்சிகளுக்கு அந்தப் பணம் கிடையாது என்பது நியாயமான பதில். பாண்டி பஜார் அளவுக்கு எங்களுக்குத் தேவையும் இல்லை. கடைவீதி நடுவில் ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்கான கழிப்பறை, பால் கொடுக்க ஒரு அறை, இருபது நாற்காலி, ஒரு குடிநீர்க் குழாய், இரண்டு ஷிப்டுக்கு ஆள். முந்நூறு கடைகள் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 90 ஆயிரம். மாலில் ஒரே ஒரு நடுத்தரக் கடை கட்டும் பராமரிப்புத் தொகையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு இந்த 300 ரூபாய் கைச்செலவு. வணிகர் தினமான மே 5 அன்று மாநாட்டுக்கு பஸ் பிடித்துப் போகிற சங்கங்களுக்கு இதை வசூலிக்கும் பலம் நிச்சயம் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை பைக்கும் காரும் அந்த இரண்டு தெருவுக்குள் நுழையாமல் வைத்தால், பாதிப் பிரச்சினை செலவே இல்லாமல் தீரும்.

ஆன்லைன் பற்றியும் ஒரு வார்த்தை. செல்போன், செருப்பு, பிள்ளைகளின் பொம்மை வியாபாரத்தை அது ஏற்கெனவே கணிசமாக எடுத்துவிட்டது, அது திரும்பி வராது. பட்டும் தங்கமும் பாத்திரமும் தொட்டுப் பார்த்து, நாலு பேர் கூடி, ஒருவர் வேண்டாம் என்று முகம் சுளித்து, இன்னொருவர் சமாதானம் செய்து வாங்குகிற பொருட்கள். கடைவீதிக்கு மிச்சம் இருக்கப் போவது இந்தக் கூட்டமாக வாங்கும் வியாபாரம். கூட்டமாக வருகிறவர்களுக்கு உட்கார இடம் இல்லாத தெருவில் அதுவும் எத்தனை நாளைக்கு?

பெரியம்மாவின் இளைய பெண்ணுக்கும் வரன் அமைந்துவிட்டது. தை மாதம் முகூர்த்தம். இந்தத் தடவை மருமகன் கார் வைத்திருக்கிறார், பைபாஸில் இருக்கும் நாலு மாடிக் கடைக்கே போய்விடலாம் என்கிறார். பெரியம்மாவுக்குக் கடைவீதியில் முப்பது வருஷமாகப் பட்டு எடுக்கும் கடைதான் வேண்டும். அந்தக் கடைக்காரர் அவர் கல்யாணத்துக்கும் எடுத்துக் கொடுத்தவர். போன வாரம் போனில் பேசும்போது, "அந்த ஸ்டூல் குடுத்த புள்ள இன்னும் அங்கதான் வேல செய்யுதா, பாத்து சொல்லு கண்ணு" என்றார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.